திரியாத மோர்க்குழம்பு: பொருந்தாத ஜோடி மாங்கா எப்படி இயங்குகிறது?

மோர்க்குழம்பு வைத்துப் பழகியவர்களுக்குத் தெரியும், தயிருக்கும் நெருப்புக்கும் ஆகாது. புளித்த தயிரைச் சும்மா அடுப்பில் ஏற்றினால் சற்று நேரத்தில் வெள்ளைத் துணுக்குகள் ஒரு பக்கம், தெளிந்த நீர் ஒரு பக்கம் என்று திரிந்து நிற்கும். ஆகாத தயிரையும் சூட்டையும் ஒரே பாத்திரத்தில் திரியாமல் நிறுத்துவதில்தான் மோர்க்குழம்பின் கைப்பக்குவமே இருக்கிறது. ஜப்பானியப் படக்கதையான மாங்காவில் பொருந்தாத ஜோடிகளின் காதல் நகைச்சுவைக் கதைகளும் இதே பக்குவத்தில்தான் நடக்கின்றன. நெட்டைப் பெண்ணும் குட்டைப் பையனும், பெரும் பணக்கார வீட்டுப் பெண்ணும் உதவித்தொகையில் படிப்பவனும், கணவனை இழந்தவளும் நுழைவுத் தேர்வில் தோற்றவனும் என்று ஜோடிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. சமையல் முறை மட்டும் பெரும்பாலும் ஒன்றுதான்.

எதிரெதிர் குணங்கள் ஒன்றையொன்று இழுக்கும் என்று இதற்கு விளக்கம் சொல்பவர்கள் உண்டு. அப்படித் தானாகவே இழுத்துக்கொள்ளும் என்றால் கதை இரண்டாம் அத்தியாயத்தில் முடிந்திருக்கும். 15 தொகுதிகள், 17 தொகுதிகள் என்று ஆண்டுக்கணக்கில் வாசகர்கள் காத்திருந்து படிக்கிறார்களே, அந்த ஈர்ப்புக்கு வேறு காரணம் இருக்க வேண்டும்.

தயிர் நன்றாகப் புளித்திருக்கட்டும்

ஆயா நகஹாராவின் 'லவ்லி காம்ப்ளெக்ஸ்' மாங்காவை எடுத்துக்கொள்வோம். 'பெஸ்ஸாட்சு மார்கரெட்' மாத இதழில் 2001 முதல் 2006 வரை தொடராக வந்து 17 தொகுதிகளாக முடிந்தது. கதை நடப்பது ஒசாகா பக்கத்தில், ஒரு மேல்நிலைப் பள்ளியில். ரிசா கொய்சுமியின் உயரம் 172 சென்டிமீட்டர். அட்சுஷி ஓத்தானி 156 சென்டிமீட்டர். ஒரே வகுப்பு. இருவரும் வாயைத் திறந்தால் சண்டை. வகுப்பு ஆசிரியரே அவர்களை 'ஆல் ஹான்ஷின் – கியோஜின்' என்று அழைக்கிறார். அது ஒசாகாவில் நிஜமாகவே புகழ்பெற்ற நகைச்சுவை ஜோடி; ஒருவர் நெட்டை, ஒருவர் குட்டை.

இந்த 16 சென்டிமீட்டர்தான் புளிப்பு. நாவலாசிரியர் ஒருமுறை 'அவள் உயரமானவள்' என்று எழுதிவிட்டால் அடுத்த பக்கத்தில் நாம் அதை மறந்துவிடலாம். மாங்கா மறக்க விடாது. இருவரும் நிற்கிற ஒவ்வொரு கட்டத்திலும் வரைபவர் முடிவெடுக்க வேண்டும்: அவள் முகத்தை முழுதாகக் காட்டினால் அவன் கட்டத்தின் கீழ் விளிம்புக்குப் போகிறான், அவன் முகத்தை நடுவில் வைத்தால் அவள் நெற்றி மேலே வெட்டுப்படுகிறது. இரண்டு முகமும் அருகருகே சம உயரத்தில் வர வேண்டுமானால் அவர்கள் உட்கார வேண்டும், குனிய வேண்டும், படிக்கட்டில் ஏறி இறங்கி நிற்க வேண்டும். அதனால் இரு முகமும் நேருக்கு நேர் வரும் கட்டம் வந்தாலே, எவரும் எதுவும் சொல்லாமலே, வாசகருக்கு ஏதோ நடக்கப்போகிறது என்று பட்டுவிடும். பொருத்தமின்மை வசனத்தில் இல்லை, பக்கத்தின் வடிவமைப்பிலேயே இருக்கிறது. இந்தக் கதைகள் மாங்காவில் இவ்வளவு செழித்ததற்கு இதைத்தான் முதல் காரணமாகச் சொல்வேன்.

புளிப்புக்கு ஒரு சமூகக் காரணமும் வேண்டும். 1980களின் இறுதியில், ஜப்பானில் பணம் பொங்கி வழிந்த காலத்தில், மாப்பிள்ளைக்கு மூன்று உயரம் தேவை என்று பேசிக்கொண்டார்கள்: உயர்ந்த படிப்பு, உயர்ந்த வருமானம், ஆளும் உயரம். ஓத்தானி இந்த மூன்றில் கடைசியானதில் தோற்றவன். அவனுடைய பழைய காதலி அவனை விட்டுப் போனதற்கும் உயரமே காரணம் என்பது அவனுக்கு ஆறாத புண். ரிசாவுக்கோ, தன்னைவிட உயரமான ஒருவன் பக்கத்தில் நின்றால்தான் தன் உயரம் மறைந்துபோகும் என்ற ஏக்கம். இப்படி இருவருக்கும் உயரம் வலிக்கிற இடம். தயிர் புளிக்கவில்லை என்றால் குழம்பு சப்பென்று இருக்கும். வலிக்காத பொருத்தமின்மையை வைத்து எழுதிய மாங்காக்களும் அப்படித்தான் இருக்கின்றன.

அரைத்துவிட்ட விழுது

இனிதான் முக்கியமான வேலை. கடலைப்பருப்பு, பச்சரிசி, தனியா, சீரகத்தை ஊறவைத்து, பச்சை மிளகாயும் தேங்காயும் சேர்த்து மைய அரைத்துத் தயிரில் கலக்கிறோம். ருசிக்காக மட்டும் இதைச் செய்வதில்லை. சூடேறும்போது தயிரின் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகப் பார்க்கும். அரிசி, பருப்பின் மாவுச்சத்து நடுவில் புகுந்து அவற்றை விலக்கிப் பிடிக்கிறது. குழம்பைச் சாப்பிடுபவருக்கு விழுது தனியாகத் தெரியாது. அது இல்லாவிட்டால் குழம்பே இல்லை.

கதையில் இந்த விழுதாக இருப்பது ஜோடிக்கு நடுவே வந்து உட்காரும் மூன்றாவது விஷயம். காதல் அந்த வேலையைச் செய்ய முடியாது. காதல்தான் அடுப்பின் சூடு, அதுதானே திரிய வைக்கும். 'லவ்லி காம்ப்ளெக்ஸ்' தொடங்கும்போது ரிசாவும் ஓத்தானியும் ஒருவரை ஒருவர் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. கோடை விடுமுறையில் சிறப்பு வகுப்புக்கு வர வேண்டிய நிலை இருவருக்கும். அவளுக்குச் சுசுகி என்ற உயரமான பையன் மேல் விருப்பம். அவனுக்கு சிஹாரு என்ற சின்ன உருவப் பெண் மேல். நீ எனக்கு உதவு, நான் உனக்கு உதவுகிறேன் என்று ஒப்பந்தம் போடுகிறார்கள். கடைசியில் சுசுகியும் சிஹாருவும் ஒருவரை ஒருவர் விரும்பிவிட, ஒப்பந்தக்காரர்கள் இருவரும் வெறுங்கையோடு நிற்கிறார்கள். தோல்விதான் அவர்களின் முதல் சொத்து. அதற்குப் பிறகு தெரிகிறது, இருவருக்கும் உமிபோசு என்ற ஒரே ராப் பாடகர் மேல் பைத்தியம். வகுப்பில் வேறு யாருக்கும் அந்தப் பாடகரின் அருமை புரியவில்லை.

இதைவிட ஆழமான விழுது அவர்களின் பேச்சு. ஒசாகா வட்டாரத்து நகைச்சுவை மேடையில் ஒருவர் அசட்டுத்தனமாக ஏதாவது சொல்வார், மற்றவர் அரை நொடியில் தலையில் தட்டித் திருத்துவார். இந்தத் தாளம்தான் மன்சாய் என்ற கலையின் உயிர். ரிசாவும் ஓத்தானியும் அந்த வட்டாரத்துக் கான்சாய் வழக்கில் நாள் முழுக்க இப்படியே பேசுகிறார்கள். அவன் சொல்லி முடிப்பதற்குள் அவள் பதில் வந்து விழுகிறது. அவள் கத்தி முடிப்பதற்குள் அவன் அடுத்ததைத் தொடங்குகிறான். பேச்சுக் குமிழிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்குகின்றன. வகுப்பு சிரிக்கிறது. பொருந்தாத ஜோடி என்பதால் வேடிக்கையாக இருக்கிறது என்று வகுப்பு நினைக்கிறது. படிக்கிற நமக்கு மெல்லப் புரிகிறது, அந்தப் பள்ளியில் ரிசாவின் வேகத்துக்கு ஈடுகொடுக்கக்கூடியவன் ஓத்தானி ஒருவன்தான்.

இவ்வகைக் கதைகளின் இயந்திரம் இங்கேதான் இருக்கிறது என்பது என் துணிபு. கண்ணுக்குத் தெரிகிற ஓர் அளவில் அவர்கள் பொருந்தவில்லை; காதில் விழுகிற இன்னோர் அளவில் ஏற்கெனவே பொருந்திவிட்டார்கள். ஊர் முதல் அளவை வைத்துக்கொண்டு சிரிக்கிறது. அவர்களும் அதையே நம்புகிறார்கள். வாசகர் மட்டும் இரண்டாவது அளவைப் பார்த்துவிட்டார். அவர்கள் எப்போது அதைக் கண்டுகொள்வார்கள் என்ற தவிப்பில்தான் பக்கம் புரள்கிறது. ரிசா முதலில் கண்டுகொள்கிறாள். அவள் மனதைச் சொன்னால் அவன் அதையும் விளையாட்டு என்றே எடுத்துக்கொள்கிறான். எந்தப் பேச்சுத் தாளம் அவர்களை ஒட்டவைத்ததோ, அதே தாளம் அவள் சொன்னது உண்மை என்று அவனை நம்பவிடாமல் தடுக்கிறது. இவ்வளவு இயல்பாக விழுந்த ஒரு தடையை நான் வேறு காதல் கதைகளில் அதிகம் பார்த்ததில்லை.

ஷினிச்சி ஃபுகுதாவின் 'மை டிரெஸ்-அப் டார்லிங்' கதையில் விழுது ஒரு தையல் இயந்திரம். கொஜோ, ஹினா என்னும் மரபுப் பொம்மைகளுக்கு முகம் செய்யும் தாத்தாவிடம் வளர்ந்த, யாரோடும் பேசாத பையன். மரின், வகுப்பே சுற்றி நிற்கும் பளபளப்பான பெண். அவளுக்குக் கதாபாத்திர வேடமிடும் காஸ்ப்ளே உடை வேண்டும். அவனுக்குப் பொம்மைக்கு உடை தைத்த கை இருக்கிறது. துணி எது, பொய்முடியை எப்படி வெட்டுவது, கண்வில்லையின் நிறம் என்ன என்று பக்கம் பக்கமாக வேலை நடக்கிறது. ஒருவர் ரசனையை இன்னொருவர் கேலி செய்யாமல் மதிக்கும்போது என்ன நடக்கும் என்பதை அந்த வேலையே காட்டிவிடுகிறது.

தீ சிறியதாக, கரண்டி ஓயாமல்

மோர்க்குழம்பைப் பெருந்தீயில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போக முடியாது. சிறு தீ, கிளறிக்கொண்டே இருக்கும் கை. இந்தப் பொறுமைக்கு ருமிகோ தகஹாஷியின் 'மெய்சோன் இக்கோகு'வைவிடப் பெரிய சாட்சி இல்லை. 1980 முதல் 1987 வரை 'பிக் காமிக் ஸ்பிரிட்ஸ்' இதழில் வந்தது, மொத்தம் 15 தொகுதிகள். பழைய மரக் குடியிருப்பு ஒன்றில் வாடகைக்கு இருக்கிறான் கொதாய். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தோற்று மறுபடி எழுதக் காத்திருப்பவன். அங்கே பொறுப்பாளராக வருகிறாள் கியோகோ. அவனைவிட இரண்டு வயது மூத்தவள், திருமணமான சில மாதங்களிலேயே கணவனை இழந்தவள். அவள் வளர்க்கும் நாய்க்கு இறந்த கணவனின் பெயர், சோய்ச்சிரோ.

முன்பு சொன்ன மூன்று உயரத்தில் கொதாயிடம் படிப்பும் இல்லை, வருமானமும் இல்லை. இருந்தாலும் உண்மையான பொருத்தமின்மை அதில் இல்லை. அவன் போட்டி போடுவது இறந்துபோனவரோடு. இறந்தவர் தப்புச் செய்ய மாட்டார், வேலை தேடி அலைய மாட்டார், குடித்துவிட்டு உளற மாட்டார். கொதாய் இவை எல்லாவற்றையும் செய்கிறான். கதையின் தொடக்கத்திலேயே ஓர் இரவு போதையில், தெருவே கேட்கும்படி கியோகோவைக் காதலிப்பதாகக் கத்துகிறான். விடிந்ததும் ஒன்றும் நினைவில் இல்லை. வேறொரு கதையில் இது கடைசிக் காட்சியாக இருந்திருக்கும். இங்கே பொங்கி வந்ததைக் கரண்டி அழுத்திவிட்டது, அவ்வளவுதான்.

அந்தக் கரண்டி யார் கையில்? பக்கத்து அறைக்காரர்கள் கையில். இச்சினோசே அம்மா, அகேமி, சுவரில் ஓட்டை போட்டு எட்டிப் பார்க்கும் யோட்சுயா, மூவரும் நேரங்காலம் பார்க்காமல் கொதாயின் அறையிலேயே கூடிக் குடித்துக் கும்மாளம் போடுகிறார்கள். அவன் படிக்க உட்கார்ந்தால் வருவார்கள், கியோகோ தனியாகப் பேச வந்தால் வருவார்கள். இந்தக் குறுக்கீட்டைக் கதையை நீட்டும் தந்திரம் என்று சிலர் குறைபடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கியோகோவின் துக்கம் அவசரப்படுத்தினால் திரிந்துவிடும். ஒவ்வொரு முறை சூடு ஏறும்போதும் யாராவது கதவைத் திறந்து உள்ளே வருவதால்தான் அந்தத் துக்கத்துக்குத் தேவையான ஆண்டுகள் கிடைக்கின்றன. அந்த ஆண்டுகள் வாசகருக்கும் உண்மையிலேயே ஓடின. கொதாய் கல்லூரிக்குப் போனான், வேலை கிடைக்காமல் அலைந்தான், சின்னக் குழந்தைகளோடு வேலை செய்யக் கற்றுக்கொண்டான். இதழ்தோறும் படித்தவர்களும் கூடவே வளர்ந்தார்கள்.

கடைசியில் சோய்ச்சிரோவின் கல்லறைக்கு முன் கொதாய் நிற்கிறான். அவரை ஒதுங்கிக்கொள்ளச் சொல்லவில்லை. கியோகோவின் மனதில் இருக்கும் அவரையும் சேர்த்தே அவளை ஏற்பதாக அவரிடம் சொல்கிறான். புளிப்பை எடுத்துவிட்டு இனிப்பாக்கவில்லை. ரிசாவும் 17 தொகுதிக்குப் பிறகு குள்ளமாகிவிடவில்லை, ஓத்தானியும் வளர்ந்துவிடவில்லை. ஒருவர் தன்னை மாற்றிக்கொண்டு மற்றவருக்கு ஏற்றவராகும் முடிவை நல்ல கதைகள் எழுதுவதில்லை.

தாளிப்பைப் பற்றி நீட்ட வேண்டாம். உருக்கமான கட்டத்துக்கு அடுத்தே, கண் புள்ளியாகி வாய் கோணலாகி உருவம் பொம்மையளவுக்குச் சுருங்கும் அந்தக் கேலி முகங்கள்தான் கடுகும் மிளகாயும். அளவாகப் போட்டால் மணம். ஒவ்வொரு கட்டத்திலும் போட்டால் கருகல் வாசனைதான் மிஞ்சும்.

நுரை கட்டியதும் இறக்கு

ஓரத்தில் நுரை கட்டிய நொடியில் பாத்திரத்தை இறக்க வேண்டும். கொதித்தால் போச்சு. கதைகளில் இதுதான் மிகக் கடினம், ஏனென்றால் நன்றாக விற்கிற தொடரை இறக்க யாருக்கும் மனம் வராது. தகஹாஷியே எழுதிய 'ரான்மா ½' 1987 முதல் 1996 வரை ஓடி 38 தொகுதிகளாயிற்று; கடைசி அத்தியாயத்தில்கூடத் திருமணம் கலைகிறது, நாயகன் ரான்மாவும் நாயகி அகானேயும் தொடங்கிய இடத்துக்கு அருகிலேயே நிற்கிறார்கள். அதன் சிரிப்பை நான் மிகவும் நேசிக்கிறேன். ஆனாலும் 'மெய்சோன் இக்கோகு' திருமணத்தையும் குழந்தையையும் காட்டி முடிந்த நிறைவு அங்கே இல்லை.

அகா அகசாகாவின் 'ககுயா-சாமா' (2015–2022) இதைப் புத்திசாலித்தனமாகச் சமாளித்தது. பெருநிறுவனக் குடும்பத்துப் பெண் ககுயாவும், ஏழை வீட்டுப் பையன் ஷிரோகானேயும், முதலில் காதலைச் சொல்பவர் தோற்றவர் என்று நம்பி மாணவர் மன்ற அறையில் சூழ்ச்சி மேல் சூழ்ச்சி செய்கிறார்கள். நடுவில் மன்றத்துத் தோழி ஃபுஜிவாரா ஒன்றும் அறியாமல் வந்து கலைத்துவிட்டுப் போகிறாள். அந்தப் போட்டி அலுக்கும் முன்பே, தொடர் முடிய வெகுகாலம் இருக்கும்போதே இருவரும் சேர்ந்துவிடுகிறார்கள். மீதிக் கதை அவள் குடும்பத்தின் பணமும் அதிகாரமும் போடும் தடைகளைப் பற்றியது.

ஜோடி தாமதமாகவே சேர வேண்டும் என்ற விதியையே புரட்டிப்போட்ட ஒரு தொடரும் உண்டு. கசுனே கவஹாரா எழுதி அருகோ வரைந்த 'மை லவ் ஸ்டோரி!!', 2011 முதல் 2016 வரை, 13 தொகுதிகள். தகேயோ இரண்டு மீட்டர் உயரம், மலை போன்ற உடம்பு. இதுவரை அவன் விரும்பிய பெண்கள் எல்லோரும் அவனுடைய அழகான நண்பன் சுனகாவாவையே விரும்பினார்கள். ரயிலில் தொல்லை கொடுத்தவனிடமிருந்து அவன் காப்பாற்றிய சின்னஞ்சிறு யமாட்டோவும் சுனகாவாவைத்தான் விரும்புகிறாள் என்று முடிவுகட்டிக்கொண்டு அவர்களைச் சேர்த்துவைக்க உழைக்கிறான். அவளோ தகேயோவுக்காகவே கேக் செய்து எடுத்துக்கொண்டு வருகிறாள். இந்தக் குழப்பம் முதல் தொகுதியிலேயே தீர்ந்துவிடுகிறது. மீதமுள்ள 12 தொகுதிகளில் அவர்கள் ஜோடி. பொருத்தமின்மை அவர்களுக்கு இடையில் இல்லாமல் போய், அவர்களைப் பார்க்கிறவர்களின் கண்ணுக்கு இடம் மாறிவிடுகிறது: இவளுக்கு இவனா என்று கேட்பவர்கள் அத்தியாயத்துக்கு அத்தியாயம் வருகிறார்கள், தகேயோ யாரையாவது காப்பாற்றுவதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போகிறார்கள். யமாட்டோ புதிதாக ஒரு கேக் செய்கிறாள். அவன் ருசித்துவிட்டு, பக்கம் கொள்ளாத பெரிய எழுத்தில், அருமை என்று கத்துகிறான்.