பிக்காச்சு விட்ட மின்னல்

1997 டிசம்பர் 16, செவ்வாய்க்கிழமை மாலை ஆறரை மணி. ஜப்பானின் டிவி டோக்கியோவில் ‘போகிமான்’ கார்ட்டூன் தொடரின் 38ஆவது பகுதி ஓடிக்கொண்டிருந்தது. அன்றைய கதை நடப்பது ஒரு கம்ப்யூட்டருக்குள். தொடரின் நாயகன் ஆஷும் நண்பர்களும் இயந்திரக் கோளாறு ஒன்றைச் சரிசெய்ய அதன் உள்ளேயே நுழைந்துவிடுகிறார்கள். வெளியே இருப்பவர்களுக்கு இது தெரியாது. வைரஸைக் கொல்லும் மென்பொருளை ஏவிவிடுகிறார்கள். அது ஏவுகணை வடிவில் துரத்தி வருகிறது. ஆஷின் தோழனான பிக்காச்சு மின்னலை விட, ஏவுகணை வெடிக்கிறது. திரை முழுக்கச் சிவப்பும் நீலமும் மாறி மாறிப் பளிச்சிடுகின்றன, நொடிக்கு ஏறத்தாழ 12 முறை. இத்தனையும் நாலைந்து நொடிகளில் முடிந்துவிட்டது.

அன்று இரவுக்குள் 685 பேர் ஆம்புலன்ஸில் மருத்துவமனைகளுக்குப் போயிருந்தார்கள். பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். சிலருக்கு வாந்தி, சிலருக்குப் பார்வை மங்கல், சிலருக்குக் கைகால் வெட்டி இழுக்கும் வலிப்பு. செய்தியில் என்ன நடந்தது என்று காட்டுவதற்காக அதே காட்சியைத் திரும்ப ஒளிபரப்பினார்கள். அதைப் பார்த்தும் சிலர் விழுந்தார்கள். செய்தி ஆசிரியர்கள் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

கதையில் பயமுறுத்தும்படி எதுவும் இல்லை. அதே சிவப்பையும் நீலத்தையும் நொடிக்கு இரண்டு முறை மட்டும் மாற்றிக் காட்டியிருந்தால் இந்தப் பகுதியை இன்று யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

கண் பார்ப்பதைக் காட்சியாக ஆக்கும் வேலை பின்மண்டைப் பக்கம் உள்ள மூளைப் புறணியில் நடக்கிறது. அங்குள்ள நரம்பணுக்கள் ஒவ்வொன்றும் காட்சியின் ஏதோ ஒரு துணுக்கைக் கவனிக்கும். ஒன்று விளிம்பைப் பார்க்கும், ஒன்று நிறத்தை, ஒன்று அசைவை. அவை துடிக்கும் நேரமும் வெவ்வேறு. திருவிழாக் கூட்டம் தேர்வடத்தை ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் தேர் நகராது. ஒரே குரலுக்கு எல்லோரும் இழுத்தால் அசைந்துவிடும். திரை முழுவதும் பளிச்சிடும் ஒளி அந்தக் குரலைப் போன்றது. லட்சக்கணக்கான நரம்பணுக்கள் ஒரே கணத்தில் துடிக்கின்றன, அடுத்த பளிச்சில் மறுபடியும். 1940களிலேயே பிரிட்டனில் கிரே வால்டர் என்ற நரம்பியல் ஆய்வாளர் விட்டுவிட்டு மின்னும் விளக்கை ஆட்களின் கண்முன் வைத்து, மூளையின் மின் அலைகள் விளக்கின் தாளத்துக்கே ஆடுவதைப் பதிவு செய்தார்.

இந்தத் தாளம் பிடிப்பது நம் எல்லோருக்கும் நடப்பதுதான். ஆனாலும் நாம் விழுவதில்லை, ஏனென்றால் தேருக்கு முட்டுக்கட்டை போடும் ஆட்களும் மூளைக்குள் இருக்கிறார்கள். காபா என்ற வேதிப்பொருளைச் சுரந்து அண்டை அணுக்களை அடக்கிவைக்கும் நரம்பணுக்கள் அவை. ஏறக்குறைய நாலாயிரம் பேரில் ஒருவருக்கு இந்தத் தடுப்பு போதாமல் இருக்கிறது. அவர்களிடம் பார்வைப் பகுதியில் தொடங்கிய துடிப்பு அக்கம்பக்கம் பரவி, மூளை முழுவதையும் பிடித்துக்கொள்ளும். ஒளியால் தூண்டப்படும் வலிப்பு என்பது இதுதான். பெரும்பாலும் சிறுவயதிலும் பதின்பருவத்திலும் தலைகாட்டும். போகிமானின் ரசிகர்களும் அந்த வயதினரே. முதல் முறை வரும்வரை தனக்கு இது உண்டென்று அந்தப் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தெரிய வழியில்லை.

நொடிக்கு 15 முதல் 25 வரையான பளிச்சுகள்தான் மிக ஆபத்தானவை; 12 அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. திரை பார்வையை எவ்வளவு நிறைக்கிறதோ அவ்வளவு அணுக்கள் வேலையில் இறங்கும். சின்ன அறையில் டிவிக்கு முன்னால் ஒட்டி உட்கார்ந்தால் கேட்கவே வேண்டாம். நிறத்தின் பங்குதான் பலரும் எதிர்பாராதது. ஜப்பானிய மருத்துவர்கள் பிறகு அந்தக் காட்சியை நோயாளிகளுக்குக் காட்டிச் சோதித்தார்கள். வண்ணத்தில் கிளம்பிய மூளை அலைக் கொந்தளிப்பு, கறுப்புவெள்ளையில் காட்டியபோது குறைந்தது. அடர்சிவப்பு ஒளி விழித்திரையின் மூன்று வகைக் கூம்பணுக்களில் ஒன்றை மட்டுமே பெரிதும் தூண்டுகிறது. மற்றவற்றிலிருந்து சமன்செய்யும் செய்தி வருவதில்லை.

அடுத்தடுத்த நாட்களில் தலைவலி, குமட்டல் என்று சொன்ன பிள்ளைகளின் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் ஏறியது. ஒளி வலிப்பு இவ்வளவு பேருக்கு வர வாய்ப்பே இல்லை. 2001இல் ஆய்வாளர்களான பெஞ்சமின் ராட்ஃபோர்டும் ராபர்ட் பார்த்தலோமியூவும் இதில் பெரும்பகுதி கூட்டாகப் பரவிய பதற்றம் என்று எழுதினார்கள். எனக்கு அது பாதி சரியென்றே படுகிறது. அன்று மாலையே வெட்டி இழுத்த பிள்ளைகளைப் பதற்றக் கணக்கில் சேர்க்க முடியாது. மறுநாள் வகுப்பில் எல்லோரும் அதையே பேசும்போது தலை வலிக்க ஆரம்பித்த பிள்ளைகளையும் பொய் சொன்னதாகச் சொல்ல முடியாது. அச்சத்தால் வந்தாலும் தலைவலி தலைவலிதான்.

தொடர் நான்கு மாதம் நிறுத்தப்பட்டது. அந்தப் பகுதி மறுபடி ஒளிபரப்பாகவே இல்லை. அதில் அறிமுகமான போரிகன் என்ற பாத்திரத்தையும் ஓரங்கட்டிவிட்டார்கள். மின்னலை விட்டதென்னவோ பிக்காச்சு. அது இன்றும் நட்சத்திரம்! பிரிட்டன் இந்தப் பாடத்தை முன்பே கற்றிருந்தது. 1993இல் ஒரு நூடுல்ஸ் விளம்பரம் மூவருக்கு வலிப்பை வரவழைத்த பிறகு, ஒளி வலிப்பை ஆராய்ந்த கிரஹாம் ஹார்டிங்கின் ஆலோசனையோடு அங்கே ஒளிபரப்பு விதிகள் எழுதப்பட்டன: நொடிக்கு மூன்று பளிச்சுகளுக்கு மேல் கூடாது. 1998இல் ஜப்பானும் அப்படி ஒரு வரம்பை வகுத்தது. அறையில் விளக்கைப் போட்டு, தள்ளி உட்கார்ந்து பாருங்கள் என்ற வரி அங்கே கார்ட்டூன்களின் தொடக்கத்தில் வரலாயிற்று. அப்படியும் 2007இல் லண்டன் ஒலிம்பிக் சின்னத்தை அறிமுகப்படுத்திய வீடியோவின் ஒரு பகுதி சிலருக்கு வலிப்பைத் தூண்டியதால் நீக்கப்பட்டது.

இத்தகைய ஒளியில் சிக்கியவருக்கு மருத்துவர்கள் சொல்வது எளிது: ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுதும் பொத்திக்கொண்டு திரையிலிருந்து முகத்தைத் திருப்ப வேண்டும். இரண்டு கண்ணையும் மூடுவது உதவாது. இமைத்தோல் வழியே ஒளி புகும், அதுவும் சிவப்பாக. ஒரு கண் மறைந்தால், இரு கண்களிலிருந்தும் செய்தி வாங்கும் நரம்பணுக்களுக்குத் தூண்டுதல் குறைகிறது; பெரும்பாலோருக்கு வலிப்பு வராமல் தடுக்க அதுவே போதும்.