சூரியன் வீசும் பிளாஸ்மா பூமிக்கு எப்போ வரும்? ஊட்டி மலைச்சரிவில் இருந்து கணிப்பது எப்படி?

கூகுள் மேப்பை நம்பி புதுக்கோட்டை மாவட்டம் குன்றாண்டார்கோவில் குடைவரைக் கோயிலுக்கு வண்டி ஓட்டுகிறார் ஒருவர். அவர் கையில் இருக்கும் போனுக்கு வழி சொல்வது விண்வெளியில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள். அந்த சிக்னலையே தடுமாற வைக்கும் சக்தி, 15 கோடி கி.மீ. தொலைவில் இருக்கும் சூரியனுக்கு உண்டு.

சூரியன் அவ்வப்போது வீசி எறியும் பிளாஸ்மா மேகம்தான் அதற்குக் காரணம். அது எவ்வளவு வேகத்தில் வருகிறது, எப்போது வந்து சேரும் என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? இதில் தமிழ்நாட்டின் பங்கு என்ன? பார்க்கலாம்.

பிளாஸ்மா என்றால் என்ன?

வாயுவை மிக அதிகமாகச் சூடாக்கினால் அணுவில் இருந்து எலக்ட்ரான்கள் பிரிந்துவிடும். அப்படி மின்னூட்டம் பெற்ற வாயுவுக்குப் பெயர்தான் பிளாஸ்மா. மின்னல் கீற்று பிளாஸ்மாதான். எரியும் டியூப் லைட்டுக்குள் இருப்பதும் அதுதான்.

சூரியனின் காந்தப்புலம் முறுக்கேறி வெடிக்கும்போது, சுமார் 100 கோடி டன் பிளாஸ்மா ஒரே வீச்சில் வெளியே பாயலாம். இதன் வேகம் நொடிக்கு சில நூறு கி.மீ. முதல் 3,000 கி.மீ. வரை இருக்கும். நொடிக்கு 1,000 கி.மீ. என்று வைத்துக்கொண்டால், பூமிக்கு வர சுமார் 42 மணி நேரம் ஆகும்.

வந்தால் என்ன ஆகும்?

1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் சுமார் 60 லட்சம் பேர் 9 மணி நேரம் மின்சாரம் இல்லாமல் தவித்தார்கள். 2022 பிப்ரவரியில், ஏவிய சில நாட்களிலேயே 38 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் வீணாகின. 2024 மே மாதப் புயலின்போது லடாக்கின் ஹான்லே வானமே சிவந்தது. முன்கூட்டியே தெரிந்தால் மின் கட்டமைப்பையும் செயற்கைக்கோள்களையும் ஓரளவு காப்பாற்றிக்கொள்ளலாம். அதற்குத்தான் இந்த வேகக் கணக்கு.

வேகத்தை அளக்க என்ன வழி?

அடிப்படையில் இரண்டு வழிகள்.

1. அடுத்தடுத்து படம் எடுத்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று பார்ப்பது. பக்கவாட்டில் நகர்வதற்கு இது சரிவரும்.

2. ஒளியின் நிறமாற்றத்தைப் பார்ப்பது. ரயில் நெருங்கும்போது ஹார்ன் சத்தம் கூர்மையாகவும், தாண்டிப் போனதும் தணிந்தும் கேட்கும் இல்லையா? அதேபோல நம்மை நோக்கி வரும் வாயுவின் ஒளி நீலப்பக்கமும், விலகிப்போகும் வாயுவின் ஒளி சிவப்புப்பக்கமும் லேசாக நகரும். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1909-ல் ஜான் எவர்ஷெட் இந்த முறையில்தான், சூரியப் புள்ளிகளில் வாயு மையத்தில் இருந்து வெளிப்புறமாகப் பாய்கிறது என்று கண்டுபிடித்தார். இன்றும் அதற்கு 'எவர்ஷெட் விளைவு' என்றே பெயர்.

அப்போ சிக்கல் எங்கே?

நம்மை நோக்கி நேராக வரும் மேகம்தான் நமக்கு ஆபத்து. ஆனால் படத்தில் அது சூரியனைச் சுற்றி விரியும் ஒரு வளையமாகத்தான் தெரியும். பக்கவாட்டில் விரிவது தெரிகிறது, முன்னோக்கி வரும் வேகம் சரியாகத் தெரிவதில்லை.

இங்கேதான் ஊட்டி வருகிறது.

ஊட்டி தொலைநோக்கி என்ன செய்கிறது?

ஊட்டி அருகே முத்தோரையில், கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த ரேடியோ தொலைநோக்கி 1970 முதல் இயங்குகிறது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். சுமார் 11 டிகிரி சாய்ந்த மலைச்சரிவைத் தேடிப்பிடித்துக் கட்டினார்கள். அந்த இடத்தின் அட்சரேகையும் கிட்டத்தட்ட அதுவே என்பதால், தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரே அச்சில் திருப்பினால் போதும், ஒரு பொருளை 9 மணி நேரத்துக்கும் மேல் பின்தொடரலாம்.

சூடான தோசைக்கல்லுக்கு மேலே பார்த்தால் பின்னால் இருக்கும் சுவர் அலைவதுபோலத் தெரியும். காற்றினால் நட்சத்திரம் மின்னுவதும் இப்படித்தான். தொலைதூர விண்மீன் மண்டலங்களில் இருந்து வரும் ரேடியோ அலைகளும், சூரியனின் பிளாஸ்மாவைக் கடந்து வரும்போது 'மின்னும்'.

நாள்தோறும் இப்படி நூற்றுக்கணக்கான ரேடியோ மூலங்களைக் கவனித்து வந்தால், எந்தத் திசையில் மின்னல் திடீரென்று கூடுகிறதோ அந்த வழியில் பிளாஸ்மா மேகம் போகிறது என்று அர்த்தம். மின்னும் விதத்தை வைத்து வேகத்தையும் கணக்கிடலாம். மேகம் பாதி வழியில் வரும்போதே பிடித்துவிடலாம் என்பதுதான் இதன் பலம்.

ஒளியை விட வேகமா?

இதே 'நேராக வரும்' சிக்கல் இன்னொரு இடத்தில் விஞ்ஞானிகளையே திகைக்க வைத்தது. சுமார் 5.5 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கும் விண்மீன் மண்டலம் எம்87. ஏப்ரல் மாத இரவில் குன்றாண்டார்கோவிலில் இது கிட்டத்தட்ட உச்சி வானத்தைக் கடக்கும், ஆனால் வெறும் கண்ணுக்குத் தெரியாது. அதன் நடுவில் இருக்கும் கருந்துளையில் இருந்து ஒரு பிளாஸ்மா தாரை பாய்கிறது. 1918-லேயே ஹீபர் கர்ட்டிஸ் அதைக் கவனித்துவிட்டார். 1990-களில் ஹப்பிள் எடுத்த படங்களை ஒப்பிட்டபோது, அதில் உள்ள சில முடிச்சுகள் ஒளியை விட 4 முதல் 6 மடங்கு வேகத்தில் நகர்வதுபோலத் தெரிந்தது!

ஐன்ஸ்டைன் தப்பா? இல்லவே இல்லை. ஒரு பிளாஸ்மா முடிச்சு 10 ஆண்டுகளில் நம்மை நோக்கி 9 ஒளியாண்டும், பக்கவாட்டில் 4 ஒளியாண்டும் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் ஒளியை விடக் கொஞ்சம் குறைந்த வேகம்தான். ஆனால் 9 ஒளியாண்டு நெருங்கிவிட்டதால், அது கடைசியாக அனுப்பிய ஒளி, முதலில் அனுப்பிய ஒளிக்கு ஒரே ஆண்டு பின்னால் நம்மிடம் வந்துவிடும். ஒரே ஆண்டில் 4 ஒளியாண்டு நகர்ந்ததுபோல நமக்குத் தெரியும். அவ்ளோதான் விஷயம்.

ஆதித்யா எல்-1 எதற்கு?

ஊட்டியில் இருந்து மேகம் வருவது தெரியும். ஆனால் அதன் காந்தப்புலம் எந்தத் திசையில் இருக்கிறது என்பதை நேரில் தொட்டுத்தான் அளக்க வேண்டும். தெற்கு நோக்கி இருந்தால் பாதிப்பு அதிகம். செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி திட்ட இயக்குநராக இருந்த ஆதித்யா எல்-1, 2023 செப்டம்பர் 2-ல் ஏவப்பட்டு, 2024 ஜனவரி 6-ல் பூமியில் இருந்து 15 லட்சம் கி.மீ. தொலைவில் நிலைநிறுத்தப்பட்டது.

நொடிக்கு 1,000 கி.மீ. வேகத்தில் வரும் மேகம், ஆதித்யாவைத் தாண்டி பூமியைத் தொட 25 நிமிடம்தான் ஆகும். ஊட்டி போன்ற தொலைநோக்கிகள் பல மணி நேரம் முன்பே கொடுக்கும் தகவலுக்கு மதிப்பு அதிகம் என்பது இதனால்தான்.