ஆவாரையின் துவர்ப்பு

ஆம்பூரைச் சுற்றியுள்ள கரட்டு நிலங்களில் மஞ்சள் பூக்களோடு நிற்கும் ஆவாரையை அறியாதார் நம்முள் இலர். அது பூத்திருக்கையில் மனிதர் சாவானேன் என்று ஒரு பழமொழி கேட்கிறது. அத்தகைய பெருமை இச்செடிக்கு எவ்வாறு வந்தது? வேதியியல் மாணவன் என்ற முறையில் சிறிது விளக்க விழைகிறேன்.

ஆவாரையின் தாவரவியற் பெயர் சென்னா ஆரிக்குலேட்டா. இதன் பட்டையில் டேனின் என்னும் துவர்ப்புப் பொருள் மிகுதி. அது புரதத்தோடு பிணைந்து அதனை இறுகச் செய்யும். தோலிலுள்ள கொலாஜன் ஒரு புரதமே. டேனின் பிணைந்துவிட்டால் தோல் அழுகாது. முன்னாளில் இடித்த ஆவாரம்பட்டை ஊறிய நீரில் தோல்களை வாரக்கணக்கில் போட்டு, இறுதியில் கடுக்காய்ச் சாறு ஊட்டினர். பின்னர் தென்னாப்பிரிக்க வாட்டில் பட்டையும், அதன்பின் குரோமிய உப்பும் ஆவாரையின் இடத்தைப் பிடித்துக்கொண்டன.

இதே துவர்ப்புதான் மருந்தாகவும் பயன்படுகிறது. வாய்ப்புண்ணுக்குப் பட்டைக் கஷாயத்தால் கொப்பளிப்பர். புண்ணின் மேற்பரப்பு இறுகி எரிச்சல் தணியும். உலர்ந்த பூவைப் பயற்றமாவுடன் கலந்து தேய்த்துக் குளிப்பர். வெயிலில் நடப்போர் தழையைத் தலையில் வைத்துக் கட்டுவர். சித்த மருத்துவத்தில் ஆவாரையோடு கொன்றை, நாவல் முதலியன சேர்ந்த ஆவாரைக் குடிநீர் நீரிழிவுக்குரியது. அந்நாவலின் கொட்டையையே ஓமியோபதி மருத்துவரும் சைசீஜியம் ஜம்போலானம் என்ற பெயரில் இந்நோய்க்குத் தருகின்றனர்.

என் தந்தையார் டேனரித் தொழிலாளி, நீரிழிவு உள்ளவர். "ஆவாரம்பூத் தண்ணி குடிக்கிறேனே, மாத்திரையை நிறுத்திடலாமா?" என்று என்னைக் கேட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே; ஆதலின் என் சொல்லே அங்கு முடிவாகும். தேடிப் படித்தேன். 2002-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆவாரம்பூச் சாறு நீரிழிவுற்ற எலிகளின் இரத்தச் சர்க்கரையைக் குறைப்பதாக வெளியிட்டனர். ஆனால் எலிக்குக் கொடுத்த அளவு மனிதருக்குரிய அளவாகிவிடாது. மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரை மிகத் தாழ்ந்துவிடவும் கூடும். ஆகவே, "மாத்திரையை நிறுத்தாதீங்கப்பா, பூத்தண்ணி குடிக்கிறதையும் டாக்டர்கிட்ட சொல்லிடுங்க" என்றேன்.

முன்னோர் கண்டதை இகழ்தலும் தவறு; அளந்து பாராமல் ஏற்றலும் தவறு. எந்தப் பாகம், எவ்வளவு, எந்நோய்க்கு என்று நம் வீட்டுப் பெரியோரிடம் கேட்டுக் குறித்து வைப்போம். பின்னர் அவற்றை ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்ப்போம். அறிவியல் மாணவர்க்கு இதனினும் நற்பணி வேறுண்டோ?