நாவற்பழத்தின் நிறமும் பயனும்

ஆனி, ஆடி மாதங்களில் புது தில்லியின் அகன்ற சாலைகளில் நடப்போரின் காலடியில் ஊதாக் கறை படிவது வழக்கம். 1920-களில் தலைநகர் உருவாகியபோது, தோட்டக்கலை நிபுணர் டபிள்யூ. ஆர். மஸ்டோவின் மேற்பார்வையில் நடப்பெற்ற சாலை மரங்களுள் நாவலும் ஒன்றாகும். அம்மரங்களின் கனிகளே இக்கறைக்குக் காரணம்.

கறையை உண்டாக்கும் நிறப்பொருள்களுக்கு ஆந்தோசயனின்கள் என்று பெயர். இவை பெரும்பாலும் பழத்தின் தோலில் தங்கியுள்ளன. நாவலில் டெல்ஃபினிடின், பெட்டூனிடின், மால்விடின் ஆகியவற்றின் சர்க்கரைச் சேர்மங்கள் மிகுந்துள்ளன. மேனாட்டினர் போற்றும் ராஸ்ப்பெரிப் பழத்தின் சிவப்பும் இதே குடும்பத்தைச் சேர்ந்த சயனிடின் சேர்மங்களால் உண்டாவதே. ராஸ்ப்பெரியில் காணப்படும் எல்லாஜிக் அமிலம் நாவற்கொட்டையிலும் உண்டு.

உடலில் உணவு எரிந்து சக்தி பிறக்கும்போது, ஜோடியில்லாத எலெக்ட்ரானையுடைய சில துணுக்குகள் தோன்றுகின்றன. இவை அருகிலுள்ள கொழுப்பு, புரதம் முதலியவற்றிலிருந்து எலெக்ட்ரானைப் பறித்துச் சேதம் விளைவிக்கக்கூடும். தம் எலெக்ட்ரானை ஈந்து இவற்றை அடக்கவல்ல பொருள்களே ஆக்ஸிகரணத் தடுப்புப் பொருள்கள். ஆந்தோசயனின்கள் இத்தகையவை.

ஆயினும், சோதனைக் குழாயில் கண்டது அனைத்தும் உடலிலும் நிகழும் என்று கொள்வதற்கில்லை. உண்ட ஆந்தோசயனினில் சிறு பகுதியே மாறாமல் இரத்தத்தை அடைகிறது. எஞ்சியதைக் குடல் நுண்ணுயிர்களும் கல்லீரலும் வேறு பொருள்களாக மாற்றிவிடுகின்றன. உணவுகளின் ஆக்ஸிகரணத் தடுப்புத் திறனைக் காட்டிய அட்டவணையை அமெரிக்க விவசாய இலாகா 2012-இல் விலக்கிக்கொண்டது இக்காரணம் பற்றியே. ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரிடம் நடத்தப்பெற்று 1994-இல் வெளியான ஆராய்ச்சியில், பீட்டா கரோட்டின் மாத்திரை உண்டோரிடையே நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. மாறாக 18 சதவீதம் கூடுதலாகவே இருந்தது. பிரித்தெடுத்த மாத்திரை வேறு. முழுப் பழம் வேறு.

நாவற்கொட்டைப் பொடி நீரிழிவுக்கு மருந்தென்று நம் நாட்டில் நெடுங்காலமாக நம்பப்படுகிறது. பிராணிகளிடம் செய்த சில சோதனைகள் இதற்கு ஆதரவாக உள்ளன. ஆனால் பிரேசில் நாட்டில் நாவல் இலைக் கஷாயத்தை ஆராய்ந்து 2000-இல் வெளியிட்ட முடிவில், இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் பயன் காணப்படவில்லை. எனவே பொடியை நம்பி மருத்துவர் தந்த மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். கிராமங்களில் களப்பணியாளர் சொல்லும் சொல்லுக்கு மதிப்பு அதிகம். ஆதலால் இதை அவர்கள் ஐயமின்றி எடுத்துரைத்தல் வேண்டும்.

ஆசிரியர்கள் வகுப்பில் ஓர் எளிய சோதனையைச் செய்து காட்டலாம். நாவற்பழத் தோலை நீரில் கசக்கி வடிகட்டி, அச்சாற்றை இரு கண்ணாடிக் குவளைகளில் ஊற்றுக. ஒன்றில் எலுமிச்சைச் சாறு சேர்த்தால் சிவப்பு மிகும். மற்றதில் சோடா உப்பைக் கரைத்தால் நீலமும் பசுமையும் தோன்றும். ஆந்தோசயனினின் இயல்பை மாணவர் இதனால் கண்கூடாக அறிவர்.

நாவல், நெல்லி, கொய்யா போன்ற கனிகள் பருவந்தோறும் மலிவாகக் கிடைக்கின்றன. நார்ச்சத்தும் வைட்டமின்களும் நிறப்பொருள்களும் ஒருங்கே தரும் இவற்றை அன்றாட உணவில் சேர்த்துக்கொள்வது நன்று. பழத்தை உணவாகப் போற்றுவோம். மருந்துக்கு மாற்றாக அதனைக் கொள்ளாதிருப்போம்.