சென்னையில் இறங்கி சேதராப்பட்டு போகணுமா? இதைக் கவனிங்க!

சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் காலையில் வேலை. விமானமோ மீனம்பாக்கத்தில் இறங்குகிறது. எப்படிப் போவது?

மெட்ரோ வேண்டாம், அது சென்னை நகருக்குள், அதாவது எதிர்த்திசையில் போகும். விமான நிலையத்துக்கு எதிரே இருக்கும் திரிசூலத்தில் மின்சார ரயில் ஏறி தாம்பரத்தில் இறங்குங்க. அங்கிருந்து மாநகரப் பேருந்தில் கிளாம்பாக்கம். 2023 டிசம்பர் 30-ல் திறக்கப்பட்ட இந்த நிலையத்தில் புதுச்சேரி பஸ் கிடைக்கும். திண்டிவனம் வழியா என்று கேட்டு ஏறுங்க.

பெட்டி அதிகமா, நள்ளிரவா? மூணு நாலு பேர் சேர்ந்தால் டாக்ஸி கட்டுப்படியாகும். ஆனால், சேதராப்பட்டு புதுச்சேரி எல்லைக்குள் வருது. பரனூர், ஆத்தூர் டோலும் பர்மிட் கட்டணமும் வாடகையில் அடக்கமா என்று ஏறும் முன்பே கேட்டுடுங்க. இறங்கும்போது கேட்டால் தகராறுதான்!