ஜேர்னி டு ஜோபர்க் (புதினம்)

ஜேர்னி டு ஜோபர்க் (ஜோபர்க்குக்கு ஒரு பயணம்) என்பது தென்னாபிரிக்காவில் பிறந்த எழுத்தாளர் பெவர்லி நைடூ ஆங்கிலத்தில் எழுதிய சிறுவர் புதினம் ஆகும். இது 1985 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் லாங்மன் பதிப்பகத்தால் வெளியிடப்பட்டது. ஜோபர்க் என்பது ஜோகானஸ்பர்க் நகரின் பேச்சு வழக்குப் பெயர். இனவொதுக்கல் ஆட்சியில் கறுப்பினக் குழந்தைகளின் அன்றாட வாழ்வு எவ்வாறு இருந்தது என்பதைப் பிற நாட்டுச் சிறுவர்களுக்கு எளிய நடையில் கூறிய முன்னோடி நூல்களுள் இதுவும் ஒன்று. கதை நிகழும் தென்னாபிரிக்காவிலோ இந்நூல் 1991 வரை தடை செய்யப்பட்டிருந்தது.

கதைச் சுருக்கம்

நலேடி பதின்மூன்று வயதுச் சிறுமி. அவளுடைய தம்பி திரோவுக்கு ஒன்பது வயது. இவர்களின் கைக்குழந்தைத் தங்கை தினேயோ கடும் நோயுற்றுக் கிடக்கிறாள். தந்தை சுரங்க வேலையில் வந்த இருமல் நோயால் இறந்துவிட்டார். தாய் 300 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஜோகானஸ்பர்க்கில் ஒரு வெள்ளையர் வீட்டில் பணிப்பெண்ணாக இருக்கிறார். பிள்ளைகள் பாட்டியின் பொறுப்பில் ஊரில் வளர்கின்றனர். மருத்துவரிடம் செல்லப் பணம் இல்லை. அம்மா வந்தால்தான் தங்கை பிழைப்பாள் என்று முடிவு செய்யும் நலேடி, பாட்டியிடம் சொல்லாமல் தம்பியை அழைத்துக்கொண்டு நடந்தே புறப்படுகிறாள்.

வழியில் ஆரஞ்சுத் தோட்டத்தில் வேலை செய்யும் சிறுவன் ஒருவன் இரவு தங்க மறைவிடம் காட்டுகிறான். பின்னர் ஒரு லாரி ஓட்டுநர் இவர்களை நகரம் வரை ஏற்றிச் செல்கிறார். நகரத்தில் இவர்கள் முதலில் கற்றுக்கொள்வது, கண்ணில் படும் பேருந்தில் எல்லாம் ஏறிவிட முடியாது என்பதுதான். அது வெள்ளையருக்கு மட்டுமான பேருந்து. கிரேஸ் என்னும் இளம்பெண் இவர்களுக்கு உதவுகிறாள்.

தாயைக் கண்டுபிடித்த பிறகு வரும் காட்சியே நூலின் மையம் எனலாம். குழந்தை சாகக் கிடக்கிறது, ஊருக்குப் போக வேண்டும் என்று தாய் கேட்கும்போது, அன்றிரவு தாங்கள் விருந்துக்குச் செல்ல இருப்பதால் தங்கள் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், மறுநாள் காலையில் போகலாம் என்கிறார் வீட்டு எசமானி. அவர் கொடுமைக்காரராகச் சித்தரிக்கப்படவில்லை. தன் பணிப்பெண்ணுக்கும் பிள்ளைகள் உண்டு என்பது அவர் எண்ணத்தில் எழுவதே இல்லை, அவ்வளவுதான். பிள்ளைகளும் அந்த வீட்டில் தங்க இயலாது. அன்றிரவை இவர்கள் சொவெட்டோவில் கிரேசின் வீட்டில் கழிக்கின்றனர். வழியில் காவலர்கள் பாஸ் சோதனை நடத்தி ஆட்களைப் பிடித்துச் செல்வதைப் பார்க்கின்றனர். 1976 போராட்டத்தில் கலந்துகொண்டு கைதாகி, பின்னர் நாட்டை விட்டே வெளியேறிய தன் அண்ணனைப் பற்றிக் கிரேஸ் சொல்கிறாள்.

மறுநாள் மூவரும் ஊர் திரும்பித் தினேயோவை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்கின்றனர். அங்கே நீண்ட வரிசை. இறந்த குழந்தையுடன் அழுதபடி செல்லும் ஒரு தாயையும் நலேடி காண்கிறாள். தினேயோ பிழைத்துக்கொள்கிறாள். ஆனால் குழந்தைக்குப் பால், பழம், காய்கறி கொடுக்க வேண்டும் என்று மருத்துவமனையில் கூறப்படும்போது, அவற்றை வாங்கும் பணத்துக்காகத் தாய் மீண்டும் பிள்ளைகளைப் பிரிந்து ஜோகானஸ்பர்க் செல்ல வேண்டியிருக்கிறது.

வரலாற்றுப் பின்னணி

ஒரு தாய் ஏன் தன் பிள்ளைகளைத் தன்னுடன் வைத்துக்கொள்ளவில்லை என்ற கேள்வி இன்று இக்கதையை வாசிக்கும் மாணவருக்கு எழக்கூடும். அதற்கு விடை அந்நாட்டுச் சட்டங்களில் இருக்கிறது. 1913 ஆம் ஆண்டின் நிலச் சட்டமும் அதன் தொடர்ச்சியாக வந்த 1936 ஆம் ஆண்டுச் சட்டமும், மக்கள் தொகையில் பெரும்பான்மையினரான கறுப்பினத்தவருக்கு நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 13 விழுக்காட்டை மட்டுமே ஒதுக்கின. 1948 இல் ஆட்சிக்கு வந்த தேசியக் கட்சி இந்தப் பாகுபாட்டை முழுமையான ஆட்சிமுறையாக ஆக்கியது. 1950 ஆம் ஆண்டின் மக்கள் பதிவுச் சட்டம் ஒவ்வொருவரையும் ஓர் இனத்தின் கீழ்ப் பதிவு செய்தது. அதே ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டம் யார் எங்கே வசிக்கலாம் என்பதை வரையறுத்தது. பேருந்து, பூங்கா, கடற்கரை என அனைத்தையும் பிரித்து வைக்க 1953 இல் தனிச் சட்டம் வந்தது.

இவற்றுள் இக்கதையோடு நேரடித் தொடர்புடையவை பாஸ் சட்டங்கள். பாஸ் என்பது கறுப்பினத்தவர் எந்நேரமும் கையில் வைத்திருக்க வேண்டிய அனுமதிப் புத்தகம். நகரத்தில் தங்கவும் வேலை செய்யவும் அதில் உரிய பதிவு இருக்க வேண்டும். பெண்களுக்கும் இது விரிவாக்கப்பட்டதை எதிர்த்து 1956 ஆகத்து 9 அன்று ஏறத்தாழ 20,000 பெண்கள் பிரிட்டோரியாவில் பேரணி நடத்தினர். எனினும் சட்டம் நீடித்தது. வெள்ளையர் வீட்டில் வேலை செய்யும் பெண், அந்த வீட்டின் பின்புற அறையில் தனியாக வசிக்கலாம். அவளுடைய பிள்ளைகளுக்கு அந்த உரிமை கிடையாது. உழைப்பு நகரத்துக்குத் தேவைப்பட்டது, குடும்பம் தேவைப்படவில்லை. பாஸ் சட்டங்கள் 1986 இல்தான் நீக்கப்பட்டன. அதாவது இந்நூல் வெளியானபோது அவை நடைமுறையில் இருந்தன.

கல்வியும் இதே நோக்கில் அமைந்திருந்தது. 1953 ஆம் ஆண்டின் பாண்டுக் கல்விச் சட்டம் கறுப்பினப் பிள்ளைகளுக்கெனத் தாழ்ந்த தரத்திலான தனிப் பாடத்திட்டத்தை உருவாக்கியது. பள்ளியில் தங்களை வேலைக்காரர் ஆவதற்கே பயிற்றுவிக்கிறார்கள் என்பதை நலேடி கதையின் இறுதியில் உணர்கிறாள். ஆப்பிரிகான மொழியில் பாடம் கற்பிப்பதை எதிர்த்துச் சொவெட்டோ மாணவர்கள் 1976 சூன் 16 அன்று நடத்திய பேரணியில் காவலர்கள் துப்பாக்கிச் சூடு நடத்தினர். கிரேசின் அண்ணன் கதை இந்நிகழ்வையே சுட்டுகிறது.

ஆசிரியர்

பெவர்லி நைடூ 1943 இல் ஜோகானஸ்பர்க்கில் வெள்ளையர் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அவரைக் குழந்தைப் பருவத்தில் வளர்த்தவர் ஒரு கறுப்பினப் பணிப்பெண். அப்பெண்ணின் சொந்தப் பிள்ளைகள் தொலைவில் இருந்த ஊரில் வளர்ந்தனர். ஒருநாள் அவருக்கு ஒரு தந்தி வந்தது. அவருடைய மூன்று பெண் குழந்தைகளில் இருவர் தொண்டை அடைப்பான் நோயால் இறந்துவிட்டனர். அதே நோய்க்கான தடுப்பூசி வெள்ளைக் குழந்தையான தனக்குப் போடப்பட்டிருந்ததை நைடூ பின்னாளில் எழுதியிருக்கிறார். புதினத்தின் கரு இந்த நினைவிலிருந்து வந்தது. கதையில் குழந்தை பிழைத்துவிடுகிறது, உண்மையில் பிழைக்கவில்லை.

மாணவப் பருவத்தில் இனவொதுக்கல் எதிர்ப்பில் ஈடுபட்ட நைடூ, 1964 இல் விசாரணையின்றி எட்டு வாரங்கள் தனிமைச் சிறையில் வைக்கப்பட்டார். 1965 இல் இங்கிலாந்து சென்றார். நைடூ என்பது திருமணத்தால் வந்த பெயர். கணவர் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த தென்னாபிரிக்கர். கலப்பு மணத்தைத் தடை செய்த 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இவர்கள் தாய்நாட்டில் கணவன் மனைவியாக வாழ்ந்திருக்க இயலாது.

தென்னாபிரிக்கா பற்றிப் பிரித்தானியச் சிறுவர்களுக்குக் கிடைத்த நூல்கள் அந்நாட்டின் உண்மை நிலையை மறைத்தன என்பதை நைடூ முன்னதாகவே ஓர் ஆய்வு நூலில் எடுத்துக்காட்டியிருந்தார். ஒரு மாற்றாகவே இப்புதினம் எழுதப்பட்டது. எனவே இதன் முதல் வாசகர்களாகக் கருதப்பட்டவர்கள் நலேடியைப் போன்ற சிறுமிகள் அல்லர், அவர்களைப் பற்றி எதுவும் அறியாத பிரித்தானியப் பள்ளிப் பிள்ளைகள். சில இடங்களில் உரையாடல் விளக்கவுரை போல் ஒலிப்பதற்கு இதுவே காரணம் எனலாம். கிரேஸ் பேசும் பகுதியில் இக்குறை வெளிப்படையாகத் தெரிகிறது. எசமானி வீட்டுக் காட்சியில் அது சிறிதும் இல்லை.

தடையும் வரவேற்பும்

வெளியான 1985 ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் அதர் அவார்ட் என்னும் விருதை இந்நூல் பெற்றது. அமெரிக்கப் பதிப்புக்கு எரிக் வெலாஸ்குவெஸ் படங்கள் வரைந்தார். இரு நாடுகளிலும் பல பள்ளிகள் இதனைப் பயன்படுத்தின. தென்னாபிரிக்காவில் இது தடை செய்யப்பட்டது. ஓர் அரசைக் கவிழ்க்கும் அறைகூவல் எதுவும் இல்லாத மிகச் சிறிய சிறுவர் கதை ஏன் தடைக்குள்ளானது என்பது வியப்பாகத் தோன்றலாம். கறுப்பினக் குழந்தை ஒன்று தன் நிலைக்குக் காரணம் என்ன என்று கேட்கத் தொடங்குவதையே இக்கதை காட்டுகிறது. 1976 ஐக் கண்ட ஓர் அரசுக்கு அது சிறிய செய்தி அல்ல. மக்கள் பதிவுச் சட்டம் நீக்கப்பட்ட 1991 ஆம் ஆண்டிலேயே இந்நூலின் மீதான தடையும் நீங்கியது.

இதன் தொடர்ச்சியாக 1989 இல் வெளிவந்த செயின் ஆஃப் ஃபயர், நலேடியின் ஊர் மக்கள் வீட்டுக் கதவுகளில் எண் எழுதப்பட்டு, தாயகம் என்று பெயரிடப்பட்ட வறண்ட பகுதிக்கு வலுவில் அகற்றப்படுவதைக் கூறுகிறது. இலக்கிய நோக்கில் அது முதல் நூலைவிடச் செறிவானது.

வாசிப்பின் எல்லை

இவ்வகை நூல்களை வாசிப்பதால் இனவெறி குறையுமா என்பதையும் நைடூ ஆராய்ந்துள்ளார். சவுத்தாம்டன் பல்கலைக்கழகத்தில் 1991 இல் முனைவர் பட்டம் பெற்ற இவ்வாய்வு 1992 இல் நூலாக வந்தது. வெள்ளையர் மட்டுமே பயின்ற ஓர் ஆங்கிலப் பள்ளி வகுப்பு, இனவெறியைப் பேசும் புதினங்களை ஒரு கல்வியாண்டு முழுவதும் வாசித்தது. அமெரிக்காவின் மிசிசிப்பியில் 1930களில் வளரும் கறுப்பினச் சிறுமியைப் பற்றி மில்ட்ரெட் டெய்லர் எழுதிய, 1977 இல் நியூபெரி பதக்கம் பெற்ற ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை கிரை அவற்றுள் ஒன்று. கதைமாந்தருக்காக மாணவர் இரங்கினாலும், அந்த இரக்கம் தங்கள் சொந்த ஊரின் பாகுபாட்டைக் கேள்வி கேட்பதாகத் தானாகவே மாறிவிடவில்லை. தொலைவில் உள்ள கொடுமையாக மட்டும் அதனைக் காண்பது எளிதாக இருந்தது. ஆசிரியர் எத்தகைய கேள்விகளை எழுப்புகிறார் என்பதைப் பொறுத்தே வாசிப்பின் விளைவு அமைந்தது.