கறுப்பு மணலின் கதை

முல்லைத்தீவு மாவட்டத்தின் தெற்கு எல்லையில் கொக்கிளாய்க் களப்பு கடலோடு கலக்கிறது. அங்கிருந்து புல்மோட்டை வரையான கடற்கரை மணல் கறுத்துக் கிடக்கும். இல்மனைட், ரூட்டைல், சேர்க்கன் ஆகிய கனியங்களே அதற்குக் காரணம். உள்நாட்டுப் பாறைகள் காலகாலமாகச் சிதைந்து, ஆறுகள் வழியே கடல் சேர்ந்த துகள்கள் இவை. சாதாரண மணலைவிட இல்மனைட் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு பாரமானது. அலை இலேசான மணலை அள்ளிச் செல்ல, பாரமானது கரையிலேயே தங்கிவிடும். வாடைக்காற்றுக் காலத்துக் கடல், மனிதர் அள்ளிய இடத்தில் புதுமணலைக் கொண்டுவந்து சேர்ப்பதும் உண்டு.

இந்த மணலை அகழ்ந்து பிரிப்பதற்கென 1957இல் அரச கனிய மணல் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. புல்மோட்டை ஆலையில் மணலைக் கழுவி, காந்தத்தால் இல்மனைட்டைப் பிரித்தெடுப்பார்கள். பெயின்டுக்கு வெண்மை தரும் டைட்டேனியம் டைஒக்சைட் இந்தக் கறுப்பு மணலிலிருந்துதான் வருகிறது என்பது சற்று வேடிக்கைதான். ரூட்டைல் வெல்டிங் கம்பிகளின் பூச்சுக்கும், சேர்க்கன் தரை ஓடு, பீங்கான் தொழிலுக்கும் போகின்றன.

போர்க்காலம் இத்தொழிலை முடக்கியது. 1997 செப்டெம்பரில் புல்மோட்டைக் கடலில் இல்மனைட் ஏற்றிக்கொண்டிருந்த 'கோர்டியலிட்டி' கப்பலைக் கடற்புலிகள் தாக்கினர். போருக்குப் பின் அகழ்வு கொக்கிளாய்ப் பக்கம் நகர முயன்றபோது, காணியும் கரைவலைப் பாடும் பறிபோகும் என்று அங்குள்ள மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர்.